ஆறடி நாயகன்

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் கோந்து சார் ஒரு சபதம் எடுத்தார். தம் காதல் கதையை வாரப் பத்திரிகையில் வரவைத்துவிட்டுத்தான் மறுவேலை!

முப்பத்திரண்டு வருடம் ஆபீஸ் தபால் பிரிவில் உறை ஒட்டியதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அவர் மனைவி அதே ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். சாரின் கையெழுத்தோ கோழி கிளறிய குப்பை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள்.

கதாநாயகன் ஆறடி உயரம். சுருட்டை முடி. ஒரே பார்வையில் மேனேஜரையே எழுந்து நிற்க வைப்பான். சார் செருப்போடு சேர்த்து ஐந்தடி இரண்டு அங்குலம். மேனேஜரைப் பார்த்தால் இவர்தான் எழுந்து நிற்பார்.

கதை போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: ‘நாயகனிடம் மருந்துக்குக்கூட ஒரு குறை இல்லை. நம்ப முடியவில்லை.’

சார் இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குப் போனார்.

“ஏம்மா, எனக்கு என்ன குறை? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் அகப்படல.”

“உக்காருங்க. சாயந்தரம் வரைக்கும் வேற வேலை இல்லையே?”

“சுருக்கமாச் சொல்லு.”

“சுருக்கமாச் சொன்னாத்தான் சாயந்தரம் ஆகும்.”

ஆரம்பித்தாள். “என் சாப்பாட்டு டப்பாவ உங்களுதுன்னு நெனச்சுக் காலி பண்ணீங்க. கழுவிக் கொடுத்துட்டு, உப்பு கம்மின்னீங்க.”

“கம்மிதான்.”

“மழையில என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடுறேன்னு குடை புடிச்சீங்க. யார் தலைக்கு?”

சாருக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கும்தான். அவள் டைப் மெஷினை மாடிக்குத் தூக்குகிறேன் பேர்வழி என்று தம் காலிலேயே போட்டுக்கொண்டாரே, அந்தக் கதைக்கு வந்தபோது இருவர் கண்ணிலும் நீர். அந்த நாட்கள் எத்தனை நல்ல நாட்கள்! அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

ஆனாலும் இதையெல்லாம் ஊர் படிப்பதா? சாருக்கு ஒரு யோசனை பிறந்தது. கதையில் இன்னொரு குமாஸ்தாவை நுழைப்பது. டப்பா, குடை, மெஷின் எல்லாப் பழியும் அந்தக் கோமாளி தலையில். ஆறடிக்காரன் அப்பழுக்கில்லாமல் இருப்பான்.

சுறுசுறுப்பாகச் சொல்லி முடித்தார். “கடைசியில கோமாளிக்கு மாத்தல் வருது. கதாநாயகி ஆறடிக்காரன் கையைப் புடிக்கிறா. முற்றும்.”

டைப் சத்தம் நின்றது. “அவ அவனைக் கட்டிக்க மாட்டாளே.”

“கதை யாருது?”

“உங்களுதுதான்.”

மறுபடி தடதடவென்று சத்தம். அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிக நேரமே கேட்டது. சார் அதைக் கண்டுகொள்ளவில்லை. தாள்களை வாங்கி மடித்தார், உறையில் போட்டார், ஒட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது தபால் பிரிவின் வேலை இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் பார்த்ததில்லை.

கதை வந்தேவிட்டது! ஐந்து பிரதி வாங்கி, வாசல் அறையில் கால்மேல் கால் போட்டுப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் கால் கீழே இறங்கியது. மாற்றலாகிப் போனவன் ஆறடிக்காரன்! கட்டைவிரல் நசுங்கித் தரையில் கிடந்த கோமாளி, “ஐயோ, உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்கிறான். ‘அந்த ஒரு கேள்வியில் அவள் மனம் அவனிடம் போய்விட்டது’ என்று முடிந்திருந்தது.

அப்படிக் கேட்டது சாருக்கே மறந்து போயிருந்தது. பத்திரிகையும் கையுமாக அடுக்களை வாசலில் போய் நின்றார்.

“நிஜமாவே அந்தக் கோமாளியத்தான் உனக்குப் புடிச்சுதா?”

அவள் திரும்பாமலே சொன்னாள்.

“அந்த ஆறடிக்காரர் ஒருநாளாவது ஆபீஸ் பக்கம் வந்திருந்தா யோசிச்சிருப்பேன்.”