பவளம் வைத்த முதல் கல்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. கோடை வந்தால் ஏரி சுருங்கும், ஏரிக்கரைச் சங்கம் பெருகும். அந்த ஆண்டு சித்திரை பிறப்பதற்குள் ஏரி வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டது. மருதமரத்தடியில் ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிச்சம். மடுவில் பத்தொன்பது பேருக்கு இடம் உண்டு என்று சங்கம் அளந்து அறிவித்தது. இட அட்டை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வரிசைப்படி. அட்டை இல்லாதவர்கள் மழை வரும்வரை மடுவில் இறங்கக் கூடாது.

பவளம் என்ற ஆமைக்கு அந்த அட்டை கட்டாயம் வேண்டும். மடு கிடைக்காவிட்டால் அடுத்த ஏரிக்குப் போகவேண்டும். நடுவில் லாரிகள் ஓடும் தார்ச்சாலை. போன கோடையில் அதன் அண்ணன் அந்தச் சாலையைக் கடக்கப் போனது. பாதி கடந்தது.

ஆகவே பவளம் புதன்கிழமையே கிளம்பிவிட்டது. வீட்டைப் பூட்டும் வேலை இல்லை. வீடும் கூடவே வந்தது. வியாழன் சாயங்காலம் மருதமரத்தடிக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. முதல் ஆளாக வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிப்போனது.

பவளம் அக்கரைவாசி. அங்கே சங்கம் கிடையாது, அதனால் வரிசை அதற்குப் புதிது. இக்கரையில் யாரும் வரிசையில் நேரில் நிற்பதில்லை. ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல் வைத்தபின் கல்தான் ஆள். அதைத் தாண்டிப் போகிறவர்கள்கூடச் சற்று ஒதுங்கித்தான் போவார்கள்.

விடிந்ததும் கல்லோடு வந்த எருமை செங்கமலம் பவளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"நமக்கு முன்னாடியே யாரோ வெச்சுட்டாங்க. எப்படி வழவழன்னு இருக்கு பாரு. ஆத்துக்கல்லு போல."

தன் கல்லை இரண்டாவதாக வைத்தது. செங்கமலத்தின் கல் அதன் உடம்புக்கு ஏற்ற கல். மூன்று பேர் இடத்தை அடைத்தது.

பிறகு குரங்கு அங்கமுத்து நுங்கு தின்றபடி வந்தது. முதல் கல்லில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. சும்மா கிடக்கும் முதலிடத்தை விடுவானேன் என்று, ஒரு கரித்துண்டை எடுத்து அதன்மேல் 'அங்கமுத்து மச்சான்' என்று எழுதிவைத்தது. தனக்கென்று ஒன்று, மனைவிக்கு ஒன்று, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு ஒன்று என்று வேறு கற்களையும் வைத்தது.

மற்றவர்களும் வந்து வைக்க, வரிசையில் பத்தொன்பது கல் ஆகிவிட்டது. ஒன்பது மணிக்குச் சங்கச் செயலாளர் தணிகாசலம் வந்தார். அவர் கொக்கு. பதவியில் இருப்பதால் 'அவர்'.

"முதல் கல் யாருது?"

"எங்க மச்சானோடதுங்க" என்றது அங்கமுத்து. "வெளியூர்ல இருக்காரு. வந்துடுவாரு."

பவளம் தலையை நீட்டியது.

"ஐயா, நான் கல்லு இல்லீங்க. நேத்து சாயங்காலமே வந்து நிக்கிறேன்."

தணிகாசலம் திடுக்கிடவில்லை. அலுவலகத்தில் எல்லாம் பார்த்தவர்.

"உங்க கல்லு எங்கம்மா?"

"நானேதான் வந்திருக்கேனே."

"நீங்க வந்திருக்கறது தெரியுது. கல்லு எங்க?"

"ஆளே இருக்கும்போது கல்லு எதுக்குங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலம் பரிவோடு விளக்கியது.

"அடி பொண்ணே, ஆளுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், பக்கத்து ஆளோட சண்டை வரும். அதை நம்பி எப்படி வரிசை போடறது? கல்லைப் பாரு. வாயைத் திறக்குதா?"

"இன்னிக்கு உங்களை நேர்ல விட்டா நாளைக்கு எல்லாரும் நேர்ல வந்து நிப்பாங்க. அப்புறம் இத்தனை கல்லையும் எங்க வைக்கிறது?" என்றார் செயலாளர்.

"இப்பவே போய் ஒரு கல்லு எடுத்துட்டு வரேன்."

"வாங்க. இருபதாவதா வைக்கலாம். இடம் பத்தொன்பதுதான்."

பவளம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் அதற்குத் தார்ச்சாலையும் அண்ணனும் தெரிந்தன.

தணிகாசலம் அலகால் அதன் முதுகைத் தட்டினார். 'டக்' என்றது. விதிப்படி, டக் என்றால் கல்.

"முதல் கல், அங்கமுத்துவின் மச்சான்" என்று பதிவேட்டில் எழுதினார். "ஆட்சேபம் உண்டா?"

கல் ஆட்சேபிக்கவில்லை.

அட்டை வாங்கியவர்கள் அவரவர் கல்லை மடுவில் போட்டு இடத்தைக் குறிக்கவேண்டும் என்பது அடுத்த விதி. அங்கமுத்து, மச்சானின் கல்லை உருட்டிக்கொண்டுபோய் மடுவில் தள்ளியது. தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கல் சத்தம் போடாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

மறுநாள்தான் சிக்கல் தெரிந்தது. மடு முழுக்கக் கல். இறங்க இடமில்லை. கல்லை எடுத்தால் இறங்கலாம். எடுத்த இடத்தில் இன்னொருவர் கல்லைப் போட்டுவிடுவார். ஆகவே யாரும் எடுக்கவில்லை. செங்கமலம் கரையில் மூச்சு வாங்க நின்றபடி, மடுவில் சொகுசாகக் கிடக்கும் தன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல் விழுந்ததில் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்திருந்தது. சங்கம் அதை ஆண்டறிக்கையில் சாதனையாகச் சேர்த்தது.

ஒரு மத்தியானம் பவளம் தன்னை மறந்து தலையை வெளியே நீட்டிவிட்டது. எதிரே தணிகாசலம் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அம்மா, தலையை உள்ள இழுங்க. மடுவுல ஆள் இருக்குன்னு எவனாவது புகார் கொடுத்தா நான் நடவடிக்கை எடுக்கணும்."

வைகாசிக் கடைசியில் மச்சான் வந்தது. பவளம் அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தன் இடத்தில் இறங்கவேண்டும் என்று மச்சான் சொன்னால் முதலில் கல்லைத்தான் வெளியே எடுப்பார்கள். வெளியே வெயில். அதற்கப்பால் சாலை.

"இதுதான் மச்சான் உங்க இடம். முதல் இடம்" என்றது அங்கமுத்து. "எடுத்துடட்டுமா? இறங்குறீங்களா?"

மச்சான் மடுவை எட்டிப் பார்த்தது. ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து உடனே உதறியது.

"குளியல் நமக்கு எந்தக் காலத்துல ஆச்சு, மாப்ளே? இருந்தாலும் நமக்குன்னு ஒரு இடம் இருக்கணும்ல. கல்லு அப்படியே கிடக்கட்டும்."

கரையில் வெந்துகொண்டிருந்த எல்லோரும் அது நியாயம் என்றார்கள்.

நீதி: வரிசையில் ஆளாக நிற்பவருக்கு அட்டை கிடைக்காது, கல்லாகக் கிடப்பவருக்கு அட்டையே வேண்டாம்.