கதவு வாசித்த கச்சேரி

இனி என் வீட்டில் ஒரு சத்தமும் கேட்கக் கூடாது! அன்று அப்படித்தான் சபதம் எடுத்தேன். கத்தித்தான் எடுத்தேன்.

காரணத்தைக் கேளுங்கள். நீங்களும் கத்துவீர்கள்.

நான் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் பராமரிப்பு மெக்கானிக். வாரம் முழுக்க ஊரார் வீட்டுத் திருகுகளை முடுக்குகிறவன், சொந்த வீட்டுத் திருகைத் தொடுவானா? மாட்டேன். அது என் கொள்கை. சனிக்கிழமை மாலை சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பேன். அது என் உரிமை. இரண்டையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தேன், அந்தக் கூட்டம் வீட்டுக்குள் நுழையும் வரை.

‘கேட்போர் வட்டம்’ என்று பெயர். என் மனைவியும் அதில் ஒருத்தி. ராகம் கிடையாது, தாளம் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. காதில் விழும் சத்தத்தோடு சேர்ந்து, அப்போதைக்குத் தோன்றியதை வாசிப்பார்கள். வழக்கமாக நூலக மாடியில் நடக்கும். அன்று அங்கே வெள்ளையடித்தார்களாம். அதனால் என் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்! தலைவர், நெஞ்சுவரை தாடியும் கையில் கிளாரினெட்டுமாக, என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“சார், அது என் நாற்காலி.”

“நாற்காலியா? இது வாத்தியம் சார்!”

முன்னும் பின்னும் ஆடிக் காட்டினார். க்ரீச். க்ராச். கூட்டமே கண்ணை மூடி உருகியது. பல் டாக்டர் ஒருவர் படுக்கையறைக் கதவைத் திறந்து திறந்து மூடினார். அது வாலை மிதித்த பூனை மாதிரி அலறியது. சமையலறைக் குழாய் சொட்டச் சொட்ட, டைப்பிங் டீச்சர் இரண்டு கரண்டிகளைத் தட்டினார். மேலே மின்விசிறி லொடலொடத்தது. தாடி அதற்குக் கிளாரினெட்டில் பதில் சொன்னார்.

நான் பல்லை நறநறவென்று கடித்தேன்.

“ஆஹா! இன்னொரு தடவை கடிங்க!” என்றார் பல் டாக்டர்.

மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன்.

“எப்போ கிளம்புவாங்க?”

“ஏங்க, இவ்வளவு சத்தம் போடுற வீட்டை அவங்க பார்த்ததே இல்லையாம். உங்களுக்குப் பெருமையா இல்ல?”

“எனக்கு என் நாற்காலி வேணும்!”

“அது இனிமே கஷ்டங்க. சனிக்கிழமைன்னா இனி நம்ம வீட்டுலதான்னு முடிவாயிடுச்சு.”

“யாரைக் கேட்டு?”

“கதவைக் கேட்டுத்தான்!”

“அந்தக் கதவோட வாயை அடைக்கிறேன் பாரு!”

“ஐயோ, கும்பிடறேங்க! கதவை மட்டும் தொட்டுடாதீங்க!”

கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்ச எனக்கு வெறி ஏறியது. மறுநாளே பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். கொள்கையாவது ஒன்றாவது!

கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். போதவில்லை. படுக்கையறைக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். ஆத்திரம் அடங்கவில்லை. எப்படித் தள்ளினாலும் மெல்ல மூடுகிற குளோசர் ஒன்றையும் மாட்டினேன். இனி அலறட்டும் பார்க்கலாம்!

“குழாய்க்காவது வாஷர் மாத்தாம விடுங்க. டீச்சர் அழுதுடுவாங்க.”

மாற்றினேன். அழட்டும்!

“நல்லவேளை, ஜன்னல் கொக்கி ஆடுறதை அவங்க இன்னும் கவனிக்கல” என்று வாய்தவறிச் சொன்னாள். அவர்கள் கவனிப்பதற்குள் முடுக்கிவிட்டேன். மின்விசிறியைக் கழற்றி மாட்டினேன். நாற்காலியின் கால்களை இறுக்கினேன்.

“சுவத்துல ஈரம் இறங்குறதுகூட ஒரு சத்தம்தான்னு தாடி சொல்றார்ங்க.”

ஓஹோ, அப்படியா சேதி! சுவரைச் சுரண்டி, பூசி, வண்ணமும் அடித்தேன்.

சனிக்கிழமை வந்தது. நாற்காலியில் சாய்ந்தேன். அது மூச்சுகூட விடவில்லை. வரட்டும்! வந்து எதைக் கேட்கிறார்கள், பார்த்துவிடுகிறேன்! வாசலையே முறைத்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்தது. ஒருவரும் வரவில்லை. மனைவிதான் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“எங்கே உன் கூட்டம்?”

“நூலக மாடியிலதான். வெள்ளையடிச்சு முடிஞ்சாச்சே! நானும் கிளம்பிட்டேன்.”

“இனி நம்ம வீட்டுலதான்னு சொன்னியே?”

“சொன்னேன். கதவுக்கு எண்ணெய் விடுங்க, குழாயைப் பாருங்கன்னு பத்து வருஷமாக்கூடத்தான் சொன்னேன். அதெல்லாம் உங்க காதுல விழலையே!”

போகிற போக்கில் சுவரைத் தடவிப் பார்த்தாள். “கலர் நல்லா இருக்குங்க.”

எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. படுக்கையறைக்குள் பாய்ந்தேன். கட்டடமே அதிரட்டும் என்று கதவை ஓங்கி அறைந்தேன்.

அது மெல்ல, மரியாதையாக, சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.