மோப்ப மாமாவும் எங்கள் வீட்டு சிலிண்டரும்

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது, சமைத்தவளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே மனிதர் மோப்ப மாமாதான். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகமிருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. ஸ்டவ்வும் கரியடுப்பும் போய், வீடு வீடாகக் காஸ் வந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு அதன்மேல் துளி நம்பிக்கை கிடையாது. ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வாசலிலும் குனிந்து கதவின் அடி இடுக்கில் மூக்கை வைப்பார். காஸ் கனமானது, தரையோடுதான் தவழும் என்பது அவர் வாதம். கதவைத் திறந்தவர்கள் காலடியில் ஒரு வழுக்கைத் தலையைக் கண்டு அலறுவது சகஜம்.

ஒரு ஏகாதசியன்று இரண்டாம் மாடி வாசலில் முகர்ந்துவிட்டு, காஸ் இல்லை, வெங்காயம்தான் வதங்குகிறது என்று உரக்க நிம்மதிப்பட்டார். அந்த வீட்டு மாமி அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். படிக்கட்டில் யாராவது டிரங்குப் பெட்டியோ உடைந்த நாற்காலியோ வைத்தால், நேரே தெருவில் கொண்டுபோய் வைத்துவிடுவார். தீப்பிடித்தால் அதன்மேல் ஏறிக் குதித்தா ஓடுவாய் என்று கேட்பார். என் மாமியாரின் ஊறுகாய் ஜாடியும் அப்படித் தெருவுக்குப் போயிற்று. மோப்ப மாமாவின் நிழல்கூட இனி நம் வாசலில் விழக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுக்குக் காஸ் வந்து முதல் ஆயுத பூஜை. அரிவாள்மணை, என் கணவரின் டைப்ரைட்டர் வரிசையில் சிலிண்டருக்கும் பூஜை உண்டு என்று மாமியார் தீர்மானித்தார். மடி கட்டிக்கொண்டு, அடுப்பையும் சிலிண்டரையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, ஒவ்வொரு திருகுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சிலிண்டரின் கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றினார். ஏற்றப்போகும் விளக்கு அணையக்கூடாதே என்று நான் ஜன்னல்களைச் சாத்தினேன். என் ஒரு வயசுப் பெண் அங்கேயே தரையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை. பக்கத்து வீட்டுச் சமையல் என்று நினைத்தேன். துடைத்த துடைப்பில் திருகுகள் திறந்துகொண்டது எங்களுக்கு எங்கே தெரியும்!

மாமியார் கற்பூரத் தட்டை வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தார். அதே நேரம் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு மோப்ப மாமா, தெருச் செருப்போடு நேரே சமையலறைக்குள் வந்தார். மடியாக நின்ற மாமியாரின் கையைப் பிடித்துத் தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

"ஏத்தாதேங்கோ மாமி. காஸ்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என்னைப் பார்த்து, "ஸ்விட்சைத் தொடாதேம்மா. குழந்தையைத் தூக்கிண்டு கீழே போ" என்றார்.

வாரியெடுத்துக்கொண்டு ஓடினேன். படிக்கட்டில் காலில் ஒன்றும் இடறவில்லை. தொட்டுவிட்டாரே, மடி போயிற்றே என்று புலம்பிக்கொண்டே மாமியார் பின்னால் வந்தார். மாமா திருகுகளை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு இறங்கி வந்தார். தரையில் கிடந்த குழந்தை காஸில் மயங்கியிருக்குமோ என்று பயந்து, அழுததா என்று பாதிப் படியிலிருந்தே கேட்டார். அது வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகே படியில் உட்கார்ந்தார். ஒரு குச்சி உரசியிருந்தால் என் பெண் இல்லை.

மாமியார் மறுபடி குளித்து, சாயங்காலம் பூஜையை முடித்து, மோப்ப மாமா வீட்டுக்கு ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தனுப்பினார். ஏலக்காய் ஜாஸ்தி என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் அதே பூஜை. எல்லாம் தயார். மாமியார் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்றேன்.

"போகட்டும். அந்த மனுஷரைக் கூட்டிண்டு வா" என்றார் மாமியார். நான் வாசல் தாண்டுவதற்குள் மறுபடி குரல் வந்தது.

"செருப்பைக் கழட்டிண்டு நிக்க வேண்டாம்னு சொல்லு. அப்படியே உள்ளே வரட்டும்."