பதினாலாம் கட்டத்தின் மேல் ஒரு முகம்

கோந்து செலவழிப்பதில் எங்கள் கோந்து அண்ணாத்தேயை மிஞ்ச அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆள் பிறந்ததில்லை. வால்வு செய்யும் எங்கள் கம்பெனியில், ஆள் எடுக்கும் பிரிவின் சீனியர் கிளார்க். அவருடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை கேட்டு வருகிறவர்களின் போட்டோவை விண்ணப்பத்தில் அவர்தான் ஒட்டுவார். வலது மூலையில் அதற்கென்றே இடம் உண்டு. இவரோ பக்கத்தின் நடுவில் ஒட்டுவார். கேட்டால், "மேல ஒட்டுனா கிளிப்பு குத்துது சார், மூஞ்சில ஓட்ட உழுது" என்பார். கிறுக்கு என்றே பக்கத்து மேஜை கிளார்க்கான நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் பட்டாபிராமிலிருந்து வந்த சேகர் என்ற வெல்டரின் பேனா, விண்ணப்பத்தின் நடுவில் இருந்த பதினாலாம் கட்டத்தில் நின்றுவிட்டது. உங்கள் மீது எப்போதாவது போலீஸ் வழக்கு இருந்ததா என்பது கேள்வி.

"அண்ணே, பதினஞ்சு வயசுல ஒரு அடிதடி கேசு. சிறுவர் கோர்ட்டுல அப்பவே முட்சிட்டாங்க. அத எழுதப்போய் ரெண்டு கம்பெனில தொரத்தி உட்டாங்க. ஊட்ல கைக்கொயந்த கீது."

"போட்டோவ குடு நைனா." அண்ணாத்தே ஒட்டிய போட்டோவுக்கு அடியில் கட்டம் மறைந்தது. வாயைப் பிளந்த என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எல்லாருக்கும் இங்கியே ஒட்டுனாதான் ஒருத்தன் தனியா தெரிய மாட்டான்."

நடுவில் ஒட்டிய அந்தப் போட்டோ புது மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. போட்டோவை உரித்தார். அடியில் வெறும் கட்டம். "என்னய்யா இது? பதில் எங்க?" வாசலில் சேகர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அண்ணாத்தே டிராயரிலிருந்து சிறுவர் நீதிச் சட்டத்தின் ஜெராக்ஸை எடுத்தார். அதிலும் கோந்து. தாள்களைப் பிரிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. "சின்ன வயசுல முடிஞ்ச கேச வெச்சு வேல இல்லன்னு சொல்லக் கூடாது சார். சட்டத்துலயே போட்டுகீது." அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

மேனேஜர் படித்தார். கம்பெனி வக்கீலைக் கேட்டார். நாலாம் நாள் சேகருக்கு ஆர்டர் வந்தது. போட்டோவை இனி மூலையில்தான் ஒட்ட வேண்டும் என்று அண்ணாத்தேக்கு மெமோ வந்தது. அதையும் கோந்து தடவிச் சுவரில் ஒட்டிவைத்தார்.

போன மாதம் ஓய்வு பெற்றார். அவருடைய பழைய ஃபைலை மூடி வைக்க எடுத்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த விண்ணப்பத்தில், மீசை அரும்பிய அவர் முகம் பக்கத்தின் நடுவில், பதினாலாம் கட்டத்தின் மேல் இருந்தது. அந்தக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒட்டியிருக்கிறார். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. லேசாக இழுத்தால் வந்துவிடும்.

நான் இழுக்கவில்லை. அவர் விட்டுப்போன பாட்டிலில் விரலை விட்டு, அந்த ஓரத்தில் கோந்து தடவி அழுத்தினேன். காய்ந்த பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.