மாதப்பன் வண்டிக்கு நான் போர்த்திய ஈரச் சாக்கு

யூசுப்! உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் இருந்தவரை 'ஏங்க'வைத் தாண்டி என் வாய் போனதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறேன். வெளியே போகக் கூடாது, பொழுதும் போகவில்லை. ஐந்தாவது வரை படித்த கையெழுத்தில் நம்முடைய அந்த மானக்கேட்டை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். (நம்முடையது என்ன, முழுக்க என்னுடையதுதான்.) படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி, இனி உங்களை 'யூசுப்' என்றே எழுதுகிறேன்.

நான் லாரி டிரைவர் மகள். அதனால் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. எண்பத்து நாலில், கல்யாணமாகி இருபதாம் நாள், காரிமங்கலத்தில் எங்கள் வாசலுக்கு அந்த வண்டி வந்தது. ஆறு குண்டுச் சக்கரம், மேலே குளிக்கிற தொட்டி மாதிரி உடம்பு. மேடு பள்ளத்திலும் ஓடும், தண்ணீரிலும் மிதந்து போகும். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த மாதப்பன் பெங்களூரில் ஏலத்தில் எடுத்தது. பத்து நிமிடம் ஓடினால் சூடேறி நின்றுவிடும், அதுதான் அதன் நோய். அது ஏரியைத் தாண்டி அக்கரை சேர்ந்தால் மாதப்பனின் டிராக்டர், மோட்டார் ரிப்பேர் வேலை எல்லாம் மெக்கானிக் யூசுப்புக்கு. சேராவிட்டால் பழையபடி அடுத்தவர் பட்டறையில் கூலி.

யூசுப் நான்கு நாள் மல்லுக்கட்டினார். அந்த வண்டிக்கு ரேடியேட்டரே கிடையாது. காற்றுதான் எஞ்சினைக் குளிர வைக்கும். காற்று நுழைகிற வலையைக் கோரையும் தூசியும் அடைத்திருந்தன. எஞ்சினைச் சுற்றியிருந்த தகடுகளின் இடுக்கில் சேறு காய்ந்து கிடந்தது. என் பல் விளக்குகிற பிரஷை எடுத்து (கேட்கவே இல்லை) அத்தனையையும் சுரண்டினார்.

"எஞ்சின் குளிர்ச்சியா இருந்தாப் போதும், வேல நமக்குத்தான்" என்றார். "வண்டியப் பாத்துக்க, லுஹர் தொழுதுட்டு வந்துடறேன்."

அவர் தெரு முனை திரும்பியதும் என் மூளை வேலை செய்தது. தொப்பூர் மலையில் லாரி சூடானால் என் அத்தா ஈரச் சாக்கைத்தான் போடுவார். (லாரியை நிறுத்திய பிறகுதான் போடுவார் என்பது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.) இரண்டு அரிசிச் சாக்கை நனைத்து, மூடியைத் திறந்து, பச்சைக் குழந்தைக்குப் போர்த்துவது போல் எஞ்சினுக்குப் போர்த்தி மூடினேன்.

யூசுப்பின் அம்மா, என் மாமி, எட்டிப் பார்த்தார். "என்னா புள்ள பண்ற?"

"எஞ்சினுக்குக் குளிர்ச்சி, மாமி."

"அவன்கிட்ட கேட்டியா?"

"லாரிக்காரர் பொண்ணுகிட்டயேவா மாமி?"

மூன்று மணிக்கு ஏரிக்கரையில் பாதி ஊர் கூடியது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மாதப்பன் ஏறி உட்கார்ந்தார். யூசுப் ஓட்ட, வண்டி எருமை இறங்குவது போல் தண்ணீரில் இறங்கி மிதந்தது. "இதுல என் வேலயும் இருக்குது" என்று பக்கத்தில் நின்ற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடு ஏரியில் முதலில் ஆவி வந்தது. பிறகு புகை. பிறகு எஞ்சின் சத்தமே இல்லை.

"என்னய்யா யூசுப்பு, சாக்கு கருகற நாத்தம் அடிக்குது? உள்ள அடுப்பு மூட்டியிருக்கியா?" மாதப்பன் கத்தியது கரைவரை கேட்டது.

யூசுப் மூடியைத் திறந்து, புகைகிற சாக்கை இரண்டு விரலால் தூக்கினார். அத்தனை கூட்டத்தில் நேராக என்னைத்தான் பார்த்தார். நான் மாமிக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமி நகர்ந்துகொண்டார்.

"நான்தாங்க போட்டேன். எடுக்க மறந்துட்டேன்" என்றார் யூசுப்.

"காத்துப் போற வழிய அடைக்கிறவன் மெக்கானிக்கா? உன்ன நம்பி டிராக்டர எப்படிய்யா விடறது?"

புதுப்பெண், வாசலில்கூடச் சத்தமாகப் பேசாதவள், முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"அவரு இல்லீங்க! நான்தான் போட்டேன்! அவரு தொழுவப் போயிருந்தாருங்க!"

பிறகு மாதப்பன் சிரித்தார் பாருங்கள், வண்டி கவிழ்ந்துவிடும் போல ஆடியது.

அரை மணி நேரம் எஞ்சினை ஆறவிட்டு, ஒட்டியிருந்த சணலையெல்லாம் பிய்த்துப்போட்டு, யூசுப் எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அக்கரை போய், நிற்காமல் இக்கரைக்கும் வந்தது.

"வேல உனக்குத்தான்யா" என்றார் மாதப்பன் இறங்கியதும். "ஆனா ஒண்ணு. உன் வூட்டுக்காரம்மா என் வண்டிங்களுக்குப் பத்தடி தள்ளித்தான் நிக்கணும்."

யூசுப் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். மாதப்பன் டிராக்டர் வந்தால் போதும், சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிடுவார். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று டீ டம்ளரை நீட்டுவேன். அவர் எட்டி வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸுங்க லாரிக்காரர் பொண்ணு" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேலி. ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

போன வாரம் மாதப்பன் துக்கம் கேட்க வந்தார், டிராக்டரில். நான் உள்ளே, திரைக்குப் பின்னால். சத்தம் கேட்டதும் எங்கள் நாலு வயது மகள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிப்போய்க் கோடு கிழித்தாள்.

"அம்மா, வராத! மாமா வண்டி வந்திருக்குது!"

வெளியே மாதப்பன் சிரிக்க ஆரம்பித்து, விக்கி விக்கி அழுதார். மாமியும் அப்படியே. நானும்தான்.

படிக்கிற எல்லாரும் எங்க யூசுப்புக்காக ஒரு துவா செய்யுங்க. என்ன சாமி கும்பிடுறவங்களா இருந்தாலும் சரி, உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.