ஒன்பது கடன்களும் பேஸ்மென்ட்டில் ஒரு மகளும்

அரிசோனா வெயிலில் முழங்கால் வலி தீர்ந்து சுகமாக இருக்கும் வில்மா அக்காவுக்கு,

டொலீடோவில் வாசல் பனியை வாரிக் கொட்டியபடி தம்பி நார்பர்ட் எழுதுவது. நானும் மார்லினும் நலம். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. பாதி அழுகியிருந்ததை எழுத வேண்டாம் என்று மார்லின் சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

நிற்க. விஷயம் என் மகள் ஜனீனைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாளே, அந்தப் படிப்புக்கு அவள் வாங்கிய கடன் ஒன்றல்ல, ஒன்பது. பருவத்துக்கு ஒன்றாக வாங்கியதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டி, ஒரு கெடு. முப்பத்தோரு வயதில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு அடைத்து வருகிறாள். போன மாதம் ஒரு நாள், "அப்பா, ஒன்பதையும் ஒரே கடனா சேர்த்துடலாம்னு இருக்கேன். மாசத் தவணை பாதியா குறையும். கர்டிஸும் நானும் தனியா வீடு எடுத்துக்கலாம்" என்றாள். கர்டிஸ் அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பையன். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறான். நல்லவன்தான், ஆனால் அவன் வருகிற நாளில் எனக்கு இரண்டாவது துண்டு இறைச்சி கிடைத்ததில்லை.

தவணை குறையும், சரி. கட்டுகிற வருஷம் இரட்டிப்பாகுமே, மொத்த வட்டி ஏறுமே! இப்படியே இன்னும் நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடுமே! "அவசரப்படாதே, அப்பா விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடன் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோ இசையை ஓடவிட்டார்கள். அது ஓடி முடிவதற்குள் நான் சவரம் செய்து, பனியைத் தள்ளி, மத்தி மீன் டப்பா ஒன்றைத் திறந்து சாப்பிட்டும் விட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்து, "கடன் வாங்கினவங்ககிட்ட மட்டும்தான் சார் பேச முடியும்" என்று வைத்துவிட்டாள். விடுவேனா? மறுபடி பியானோ. இந்தத் தடவை தொண்டையை மெல்லிசாக்கிக்கொண்டு, "நான்தாங்க ஜனீன் பேசறேன்" என்றேன். எடுத்தது அதே பெண்.

"தொண்டை கட்டியிருக்காம்மா?"

"ஆமாங்க, இங்க பனி ஜாஸ்தி."

"மீசையையும் சேர்த்து மஃப்ளர் சுத்திக்குங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நேரில் கேட்பதே மேல் என்று நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போனேன். ரஸ்ஸல் என்று ஒருவன் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, மகள் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும், உங்களுக்கு என்னென்ன கடன் இருக்கு?" என்றான். படகுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்றேன். அவன் பேச்சில் ஒரு குளிர்ச்சி, அக்கா. வெளியே வரும்போது மூன்றும் ஒன்றாகியிருந்தது. அதைக் கட்டி முடிக்கும்போது எனக்கு எழுபத்தெட்டு வயதாகியிருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜனீன் இதைக் கேட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஆகாதுன்னு சொன்னதை நீங்க மட்டும் போய்ப் பண்ணிட்டு வந்திருக்கீங்களேப்பா!"

அவள் கீழே போனதும் மார்லின் பிடித்துக்கொண்டாள். "நார்பர்ட், உன் பிரச்சினை வட்டியும் இல்ல, வருஷமும் இல்ல. அவ போயிட்டா காலைல யாரோட சண்டை போடறதுன்னுதானே கவலை?"

தினமும் விடிந்ததும் ஜனீன் மேலே வந்து என் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் பகுதியைக் கிழித்துக்கொண்டு போவாள், நான் கத்துவேன். பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்ட பிறகு எனக்குப் பொழுது விடிவதே அப்படித்தான்.

பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய்த் துணி மிஷின் மேல் உட்கார்ந்தேன்.

"மொத்தத்துல ஜாஸ்தி கட்டணும்னு எனக்கும் தெரியும்ப்பா" என்றாள். "அதுக்காக முப்பத்தஞ்சு வயசுல எடுத்துக்கலாம்னு ஃப்ரீசர்ல வைக்க என் வாழ்க்கை என்ன மீனா? இப்பவே கொஞ்சம் மூச்சு விடணும்."

"சேர்த்துடு. போய்க் கையெழுத்துப் போடு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், மெதுவாகச் சொல்லியிருந்தால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

சேர்த்தும் விட்டாள். அக்கா, அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! போன சனிக்கிழமை கர்டிஸின் தீயணைப்பு நண்பர்கள் வந்து, வீடு பற்றி எரிவதுபோல ஒரு காப்பி ஆறுவதற்குள் பேஸ்மென்ட்டைக் காலி செய்துவிட்டார்கள். மறுநாள் என் செய்தித்தாள் கிழியாமல் முழுசாக வந்தது. குறுக்கெழுத்தில் எனக்கு நாலு வார்த்தைதான் தெரிந்தது. அதிலும் ஒன்று தப்பு என்று மார்லின் சொல்கிறாள்.

ஆகவே நீயும் ஹெர்மன் அத்தானும் ஈஸ்டருக்கு இங்கே வந்துவிடுங்கள். பேஸ்மென்ட் காலி, சுண்ணாம்பும் அடிக்கப் போகிறேன். எத்தனை வாரம் வேண்டுமானாலும் இருக்கலாம், அத்தான் குறட்டை விட்டால் மிஷினை ஓடவிட்டுக்கொள்ளலாம். அவருக்கு என் அன்பு. உன் முழங்காலைக் கர்த்தர் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
நார்பர்ட்

பி.கு.: தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். டிக்கெட் எடுக்க வேண்டாம். ஜனீனின் தவணைச் சீட்டு ஒன்றே ஒன்றாக வந்ததைப் பார்த்து உருகிப்போய், கர்டிஸ் தன் கடன்களையும் அவளிடம் சொல்லிவிட்டானாம். சமையல் படிப்பு, விமானம் பழுதுபார்க்கும் படிப்பு, கடல்வாழ் உயிரினப் படிப்பு என்று தொடங்கித் தொடங்கிப் பாதியில் விட்ட வகையில் பதினொன்று! வீட்டை நண்பன் ஒருவன் தலையில் கட்டிவிட்டு இரண்டு பேருமாக வந்து வாசலில் நின்றார்கள். "வாடகையை மிச்சம் பண்ணி எல்லாத்தையும் சீக்கிரமா கட்டிடறோம் மாமா. பேஸ்மென்ட்ல ஒரு ஓரம் போதும்" என்றான், ஆறடி நாலங்குலம் இருக்கிற அந்தப் பையன். கடுமையாகக் கோபப்பட்டேன், அக்கா. கட்டிலை இறக்கும்போது கனமான பக்கத்தைப் பிடித்தது நான்தான்.