பதினாறு டிகிரி ஒயின்

அம்பத்தூரில் நாகரிகம் என்று ஒன்று உண்டானால், அது மேனாம்பேட்டில் என் வீட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று 1993 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்மானித்தேன். காரணம், என் பைக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு பாட்டில்.

எங்கள் தொழிற்சாலையில் புது மெஷின் பொருத்த வந்த பிரெஞ்சு இன்ஜினியர் பெர்னார் கொடுத்தது. அவருடைய மாமனார் தோட்டத்துச் சிவப்பு ஒயின். அதை எந்தச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும் என்று பிரெஞ்சில் அச்சடித்த ஒரு தாளும் கூடவே வந்தது. ஓரத்தில் ஆடு, வாத்து என்று பொடிப்பொடியாகப் படங்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குச் சாப்பிட வருவதாகவும், அன்றைக்குத் திறக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பயிற்சிக்குப் பிரான்ஸ் போகிறவர்கள் லிஸ்டில் என் பெயர் ஏறும். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் கஜபதியாகிய என்னை விட்டால் இந்தத் தொழிற்பேட்டையில் ஒயினின் தரம் வேறு எவனுக்குத் தெரியும்?

எதிர்வீட்டுச் செங்கல்வராயனும்தான் குடிக்கிறான். ஆவடி டாங்க் பாக்டரி. ரம்முக்கு மிக்ஸர், பிராந்திக்கு அவிச்ச முட்டை. அவன் நாக்குக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான். நாக்கா அது? செருப்புத் தோல்.

என் மனைவி லோகநாயகி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னாங்க இது, இருமல் மருந்தா?"

"ஒயின்டி! பிரான்ஸுல அரமன மாதிரி ஷாத்தோவுல செஞ்சது."

"ஷாத்தோவா? மொதல்ல கதவ சாத்துங்க. கொசு வருது."

இந்த ஞானசூன்யத்தோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவன் நான்.

தாளை யார் படிப்பது? செங்கல்வராயன் பெண்டாட்டி தாட்சாயிணி பாண்டிச்சேரி கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள் என்றாள் லோகநாயகி. எதிர்வீட்டு ஜனங்களைப் பற்றி விசாரிப்பது என் தகுதிக்குக் குறைவு என்பதால் அதுவரை எனக்குத் தெரியாது. தாளைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் தாட்சாயிணி அதை ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஆட்டுத் தொடைய வாட்டித் தின்னணுமாம் அண்ணா. வாத்து, காளான், சீஸ் இதெல்லாம் ஆவுமாம். மொளகா, புளி ஆவவே ஆவாதாம்."

"கேட்டுக்கோ!" என்று லோகநாயகியைப் பார்த்தேன். அவளுடைய மீன் குழம்பை நான் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அது தீயணைப்புத் துறை கவனிக்க வேண்டிய விஷயம்.

"இதான் முக்கியம். பதினாறு டிகிரிக்கு மேல சூடு ஏறக் கூடாதாம். ஏறினா பத்தே நாள்ல புளிச்சுப் பூடுமாம்."

தாளில் 16 என்று இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பாக்டரி தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தேன். முப்பத்தெட்டு. அடுப்படியில் நாற்பத்தொன்று. பாட்டிலை மண்பானைத் தண்ணீரில் இறக்கினேன். முப்பது. ஈரச் சாக்கில் கட்டிக் கிணற்றில் தொங்கவிட்டேன். இருபத்தெட்டு. அதுவும், லோகநாயகி தண்ணீர் சேந்தும்போது வாளியால் இரண்டு இடி இடித்ததில் என் உயிர் போய் வந்தது.

"இன்னாத்துக்குக் கவல? புளிச்சா மீன் கொழம்புக்கு ஆவும்" என்றாள்.

அன்றைக்கு நானே கேட்டேன்: "ஒரு பிரிட்ஜ் வாங்கிடலாமா?"

பதறிப்போனாள். "ஐயய்யோ, வோணாங்க! பிரிட்ஜுன்னா பழைய சோத்துக்குக் கட்டற மணிமண்டபம்னு எட்டு வருசமா நீங்கதானே சொல்லிகினு கீறீங்க?"

"அது பழைய சோத்துக்கு. இது ஒயினுக்கு!"

"தெருவுல இன்னா பேசுவாங்க? கஜபதிக்குக் கொழுப்பு ஏறிப்போச்சும்பாங்க."

"பேசட்டும்!"

"எனக்கு மண்பானையே போதும்பா."

"லோகா, என் கண்ணுல்ல, ஒத்துக்கோடி."

இரண்டு நாள் கெஞ்சினேன். கடைசியில் மனசே இல்லாதவள் மாதிரி தலையாட்டினாள். "சரி, உங்க ஒயினுக்காவத்தான். ஆனா நூத்தி அறுவத்தஞ்சு லிட்டர்தான் நல்லதாம். செவப்பு கலரு." எங்கே விசாரித்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிரிட்ஜ் வந்தது. முதல் நாள் நடுத்தட்டில் பாட்டில் ராஜாவாக நின்றது. இரண்டாம் நாள் இட்லி மாவு வந்தது. பாட்டில் கதவுக்குப் போனது. அப்புறம் மல்லிகைப்பூ வந்தது. தாட்சாயிணி வீட்டுப் பாலும் அரை மூடித் தேங்காயும் வந்தன. ஐந்தாம் நாள் பிரான்ஸ் தேசத்துப் பெருமை காய்கறிப் பெட்டியில் முருங்கைக்காயோடு படுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெர்னார் வந்தார். ஆட்டுத் தொடையை மிளகாய் படாமல் நானே வாட்டியிருந்தேன். தனக்கென்று லோகநாயகி சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். பெர்னார் ஒரு வாய் குடித்தார். வேப்பெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகம் போயிற்று.

"இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

பெருமையாகப் பிரிட்ஜைத் திறந்து காட்டினேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். குளிரில் ருசி செத்துவிட்டது என்றார். தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். பிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று போட்டிருந்ததாம். "ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும், பார்க்கலாம்."

ஒரு மணி நேரத்தில் அது எங்கள் ஹாலின் சூட்டுக்கு வந்து மிளகு ரசமாகிவிட்டது. அதற்குள் பெர்னார் வாசனை பிடித்துப் போய் மீன் குழம்பில் உட்கார்ந்துவிட்டார். நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் நீர், மூக்கில் நீர். லோகநாயகி பிரிட்ஜைத் திறந்து ஐஸ் தண்ணீர் கொடுத்தாள்.

"குழம்புக்கு ஏற்ற ஜோடி இதுதான்!" என்று சொம்பைத் தூக்கிக் காட்டினார். பிரான்ஸ் லிஸ்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. குழம்பு வைக்கிற விதத்தை எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"உன் தாட்சாயிணி கடைசி வரிய ஏன்டி படிக்கல?" என்று கத்தினேன்.

"அவளுக்கு எங்க பிரெஞ்சு தெரியும்? படத்தப் பாத்தோம், பதினாறப் பாத்தோம். மீதிய நான் நோட்டுல எழுதினேன், அவ படிச்சா."

"நாளைக்கே இந்தப் பிரிட்ஜக் கடையில திருப்பிக் குடுக்கறேன் பார்!"

"தாராளமா குடுங்க" என்று கியாரண்டி கார்டை எடுத்து நீட்டினாள்.

உரிமையாளர் என்ற இடத்தில் திருமதி லோகநாயகி என்று இருந்தது. என் பெயரும் இருந்தது. கீழே, சாமானைத் தூக்கிச் சென்றவர் என்ற இடத்தில்.